பட்டா இல்லாத வெளி

எழுபதுகளின் நடுவில் அப்பாவுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. பவானிபூரில், சக்ரபேடியா பக்கம் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்குப் பிடித்தோம். வாசலில் தெருவை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் மேடை இருந்தது. வங்காளிகள் அதை ரோயாக் என்பார்கள். அம்மா அதைப் பார்த்ததும், "நம்மூர்த் திண்ணையேதான்" என்றாள். ஊர் விட்டு வந்த துக்கம் அன்றைக்குப் பாதி குறைந்தது அவளுக்கு.

காலையில் மீன் விற்கிற பெண் கூடையை அங்கே இறக்கி வைத்து மூச்சு வாங்குவாள். மத்தியானம் கை ரிக்‌ஷா இழுப்பவர் துண்டை விரித்துப் படுப்பார். சாயங்காலம் ஆனால் தெருப் பையன்கள் கூடி மோகன்பகானா ஈஸ்ட் பெங்காலா என்று இரவு வரை வழக்காடுவார்கள். வீட்டுச் சொந்தக்காரியான மாசிமா யாரையும் எழுந்து போகச் சொல்லி நான் கேட்டதில்லை. மேடையைக் கட்டியது வீடு, உட்கார்ந்தது தெரு. இரண்டுக்கும் நடுவே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருந்தது.

அந்த வீடு இப்போது இல்லை. புரொமோட்டர் ஒருவர் வாங்கி இடித்து, ஐந்து மாடி எழுப்பிவிட்டார். ரோயாக் இருந்த இடத்தில் இரும்புக் கதவு. அதற்கு அப்பால் கார்கள். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காவலாளி. அந்த வழியே போகும் மீன்காரி இன்று கூடையை இறக்க வேண்டுமானால் நடைபாதையில்தான் இறக்க வேண்டும். சட்டப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. இடம் சொந்தக்காரருடையது. ஆனால் அந்தத் தெரு ஒரு சொத்தை இழந்தது. அது எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காத சொத்து என்பதால், போனதும் எங்கேயும் பதிவாகவில்லை.

பொதுநிலம் தொலைகிற வரலாறு முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறது. பவானிபூரின் மண்ணுக்கே அது பழக்கம்.

இன்று மாநகரின் நடுவில் இருக்கும் இந்தப் பேட்டை ஒரு காலத்தில் கிராமம். 1717-இல் கிழக்கிந்தியக் கம்பெனி முகலாயப் பேரரசர் ஃபரூக்சியாரிடம் கல்கத்தாவைச் சுற்றியிருந்த 38 கிராமங்களின் வாடகை உரிமையைப் பெற்றது. பிளாசிப் போர் முடிந்த மறு ஆண்டு, 1758-இல், வங்காள நவாப் மீர் ஜாஃபரிடமிருந்து சுற்றுப்புறக் கிராமங்களை விலைக்கே வாங்கி, ஒரே தொகுதியாக்கி, டிஹி பஞ்சான்னகிராம் என்று பெயரிட்டது. ஐம்பத்தைந்து கிராமங்கள். அவற்றில் ஒன்று பவானிபூர். மராட்டியர் படையெடுப்புக்கு அஞ்சி வெட்டிய அகழிக்கு வெளியே கிடந்த புறநகர். அது மாநகராட்சி எல்லைக்குள் வந்தது 1888-இல்தான். பத்மபுகுர், பேல்தலா, பகுல்பாகான், கான்சாரிபாடா என்று இன்றும் பேருந்து நடத்துநர் கூவுகிற பெயர்களில் ஒரு குளமும், ஒரு வில்வமரமும், ஒரு மகிழந்தோட்டமும், கன்னார் தெருவும் இருக்கின்றன.

அதே 1758-இல் பவானிபூருக்கு வடக்கே இன்னொரு ஊருக்கு முடிவு வந்தது. கோவிந்தபூர். கல்கத்தா என்ற நகரம் எழ அடிப்படையான மூன்று கிராமங்களில் ஒன்று அது. சேட்டுகளும் பசாக்குகளும் நெசவு வணிகம் செய்து வாழ்ந்த ஊர். ரவீந்திரநாத் தாகூரின் முன்னோர் முதலில் குடியேறியதும் அங்கேதான். முந்தைய நவாப் சிராஜ் உத் தௌலா 1756-இல் பழைய கோட்டையைப் பிடித்ததிலிருந்து பாடம் கற்ற கம்பெனி, புதிய வில்லியம் கோட்டைக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. ஊரைக் காலி செய்தார்கள். தால்தலா, குமார்துலி, சோபாபஜார் பக்கங்களில் மாற்று நிலம் கொடுத்தார்கள். பிறகு கோட்டைக்கும் சௌரங்கிக்கும் நடுவே இருந்த புலிக்காட்டையும் வெட்டினார்கள். கோட்டை மதிலிலிருந்து சுட்டால் குண்டு தடையில்லாமல் போக வேண்டும். அதற்கு வெட்டவெளி தேவைப்பட்டது.

அந்த வெட்டவெளிதான் மைதான். ஆயிரம் ஏக்கர் அளவுக்குப் பரந்த புல்வெளி. கோட்டையோ ஒரு முற்றுகையையும் சந்திக்கவில்லை. பீரங்கிக்காக ஒழித்துவைத்த வெளி, பந்துக்கும் ஆட்டுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் பயன்பட்டது. ஒரு கிராமத்தின் வாழ்விடத்தைப் பறித்ததில் பிறந்த நிலம் ஒரு மாநகரத்தின் பொது முற்றமாகிவிட்டது. இதில் நீதி இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கோவிந்தபூர்க்காரர்கள் நமக்காக மனம் உவந்து தந்தது அல்ல அது. ஆனால் அதிகாரம் எதற்கென்று ஓர் இடத்தை ஒழித்ததோ அதற்கே அது என்றென்றும் ஆகிவிடுவதில்லை. ஜனங்கள் நடந்து நடந்து அதை வேறொன்றாக மாற்றிவிட முடியும். மைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எல்கின் ரோடு தாண்டி மைதானுக்கு நடப்போம். மட்டை எங்களுடையது, பந்து எதிர்த் தெருக்காரர்களுடையது. பக்கத்தில் நூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் வருவார். ஆட்டம் நடக்கிற இடத்துக்குள் மந்தை நுழைந்தால் ஆட்டத்தை நிறுத்திவைப்போம். அவரும் சீழ்க்கையடித்து வேகமாக ஓட்டிப்போவார். ஒருமுறை புதிதாக வந்த பையன் ஒருவன் கோபத்தில் ஆட்டின் மேல் கல்லெறிந்தான். "தம்பி, நீ ஒரு மணி நேரம் விளையாடிட்டு வீட்டுக்குப் போயிடுவே. இதுக்கு இன்னிக்குச் சாப்பாடே இதுதான்" என்று அவர் இந்தியில் சொன்னார். கல்லெறிந்தவனையே அனுப்பி ஆடுகளை ஓரம் தள்ளச் சொன்னோம். யாருக்கு முன்னுரிமை, எவ்வளவு நேரம், எங்கே விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் அங்கே பேசியே தீர்ந்தன.

மைதானின் நிலம் ராணுவத்துக்குச் சொந்தம். நிரந்தரக் கட்டடம் எழுப்ப அனுமதி கிடையாது என்பதால், நூறு ஆண்டுகளைத் தாண்டிய கால்பந்துக் கழகங்களின் இருப்பிடத்தைக்கூட இன்றும் டென்ட் என்றுதான் சொல்கிறார்கள். 1976-இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி முப்பது ஆண்டு அங்கேதான் நடந்தது. தூசும் மிதிபடும் புல்லும் குப்பையும் வழக்காகி, 2007-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் கண்காட்சி வெளியேற நேர்ந்தது. அதில் புத்தகம் வாங்கி வளர்ந்த எனக்கு அது வலித்தது. இருந்தாலும் தீர்ப்பின் நியாயம் புரிந்தது. பொதுவில் வைத்திருப்பது என்றால் கட்டுப்பாடும் சேர்ந்ததுதான். எல்லோரும் வரலாம் என்பதற்கும், யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்பதற்கும் வெகுதூரம்.

மைதான் உருவான அதே காலத்தில் இங்கிலாந்தின் கிராமங்களில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர் மேய்ச்சல் வெளிகளையும் பொது வயல்களையும் வேலியிட்டுத் தனியார் சொத்தாக்க, 1604 முதல் 1914 வரை அந்நாட்டுப் பாராளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றியது. கைமாறியது ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர். மாடு கட்ட, விறகு பொறுக்க, அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்க உரிமை பெற்றிருந்த ஏழைக் குடியானவர்கள் கூலிகளாக நகரத்துக்குப் போனார்கள். அந்த வேலியிடல் உச்சத்தில் இருந்தபோதுதான் கார்ன்வாலிஸ் பிரபு வங்காளத்துக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1793 மார்ச் 22-ஆம் தேதி நிரந்தர நிலவரித் திட்டத்தை அறிவித்தார். வரி வசூலித்துக் கொடுத்துவந்த ஜமீன்தார்கள் ஒரே அறிவிப்பில் நிலத்தின் உடைமையாளர்கள் ஆனார்கள். உழுதவனுக்குத் தலைமுறைகளாக இருந்த உரிமை மங்கியது. ஊர்ப் புல்வெளி, புதர்க்காடு, குளத்து மீன் இவற்றில் எழுதாமல் இருந்த பாத்தியதைகளுக்குப் புதிய ஏட்டில் பத்தியே இல்லை.

சென்னை ராஜதானியில் நடந்தது வேறு வழி, முடிவு ஒன்று. தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனும் நேரே சர்க்காருக்கு வரி கட்டினான். பயிரிட்ட நிலத்துக்குப் பட்டா வந்தது. பட்டாவுக்குள் அடங்காத மிச்சமெல்லாம், அதாவது மந்தை, களம், வண்டிப்பாதை, ஏரி, ஓடை, சுடுகாடு எல்லாம் புறம்போக்கு. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் அவையெல்லாம் அரசாங்கத்தின் சொத்து என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டது. வங்காளத்தில் பொதுநிலம் ஜமீன்தாருக்குப் போனது, தமிழ்நாட்டில் சர்க்காருக்குப் போனது, மைதான் ராணுவத்துக்குப் போனது. மூன்று இடத்திலும் ஊர் என்ற ஒன்றுக்குக் காகிதத்தில் இடமில்லை.

கோடை விடுமுறைக்கு ஹவுரா மெயில் பிடித்து, சென்னையில் வண்டி மாறி, திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் கிராமத்துக்கு வருவோம். ஊருக்குக் கிழக்கே மேய்க்கால் புறம்போக்கு. அதையொட்டிக் களம். விடிந்ததும் வீட்டுக்கு வீடு மாட்டை அவிழ்த்துவிட்டால், எல்லாம் சேர்ந்து மந்தையில் நிற்கும். சம்பளத்துக்கு வைத்த ஒருவர் ஓட்டிப்போவார். சாணம் பொறுக்குவது யார், வேப்பங்கொட்டை பொறுக்குவது யார், குளம் வற்றினால் மீன்பாசி ஏலப்பணம் எந்தக் கோயில் கொடைக்குப் போகும் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. ஆச்சி அந்தக் கணக்கை வாய்ப்பாடு போலச் சொல்வாள்.

ஆனால் அந்தப் பொது எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. குளத்தில் எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். பொதுக்கிணறும் பொதுத்தெருவும் எல்லாச் சாதியாருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்து மகாடில் சவதார் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடிக்க, 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டி நடக்க வேண்டியிருந்தது. பழைய ஊர்ப்பொதுவைப் பற்றி உருகுகிறவர்கள் இதை மறந்துவிட்டு உருகக் கூடாது. நமக்கு மீண்டும் வேண்டியது அந்தப் பழைய பொது அல்ல. எல்லாப் படித்துறையும் எல்லோருக்கும் திறந்த பொது.

இன்று அந்த மேய்க்காலைத் தேடிப் போனால் பாதியில் சீமைக்கருவேலம். மீதியில் ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, ஒரு சமுதாயக் கூடம். எஞ்சிய ஓரத்தைச் செல்வாக்குள்ள ஒருவர் கம்பிவேலி போட்டு வளைத்து, தென்னை வைத்திருக்கிறார். ரேஷன் கடை தேவையில்லை என்று யார் சொல்வார்கள்? ஆனால் தனியார் நிலத்தை எடுத்தால் இழப்பீடு, வழக்கு, போராட்டம். மேய்க்காலை எடுத்தால் கேட்க ஆளில்லை. ஆடு வைத்திருக்கும் கைம்பெண்ணுக்குப் பட்டா இல்லை. அவள் இழந்தது எந்தக் கோப்பிலும் ஏறாது.

காகிதத்தில் இல்லாதவர்களின் வழக்கைப் பேச பவானிபூரில் ஒருவர் இருந்தார். ஹரிஷ் சந்திர முகர்ஜி. பகலில் ராணுவத் தணிக்கை அலுவலகத்தில் உத்தியோகம். இரவில் இந்து பேட்ரியட் பத்திரிகையின் ஆசிரியர். 1859-60-இல் அவுரி பயிரிட மறுத்து வங்கக் குடியானவர்கள் எழுந்தபோது, அவர்கள் பக்கம் நின்று எழுதினார். முன்பணம் என்ற தூண்டிலில் மாட்டி, சொந்த வயலில் நெல் போடும் உரிமையையே இழந்தவர்கள் அவர்கள். கிராமங்களிலிருந்து ஆட்கள் அவர் வீட்டைத் தேடி பவானிபூருக்கு வருவார்கள். சோறு போட்டு, மனு எழுதிக் கொடுத்து அனுப்புவார். 1860-இல் அரசாங்கம் அவுரி விசாரணைக் கமிஷன் அமைத்தது. மறு ஆண்டே, நாற்பது வயதைத் தொடாமல் இறந்துபோனார். நான் நடந்து பள்ளிக்குப் போன சாலைக்கு அவர் பெயர்.

அந்தச் சாலை இருக்கும் பவானிபூர்த் தொகுதி, நூற்றைம்பது ஆண்டு கழித்து மறுபடி நிலத்தின் பெயரால் நாட்டின் கவனத்துக்கு வந்தது. சிங்கூரில் கார் தொழிற்சாலைக்காக 2006-இல் 997 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டதை எதிர்த்துப் பட்டினி கிடந்த மம்தா பானர்ஜி, 2011-இல் முதலமைச்சராகி, பவானிபூர் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார். கையகப்படுத்தியதே செல்லாது என்று 2016 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. பட்டா வைத்திருந்தவருக்கு நிலம் திரும்பியது. அந்த வயல்களில் பதிவில்லாமல் பங்குக்குப் பயிரிட்டவர், கூலிக்கு நாற்று நட்டவர், வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்தவர் இவர்களுக்குத் திருப்பித் தர எது இருந்தது?

பொது என்பதை இழப்பதில் மட்டுமல்ல, புதிதாக உண்டாக்குவதிலும் பவானிபூருக்குப் பங்கு உண்டு. துர்கா பூஜை ஒரு காலத்தில் ஜமீன்தார் மாளிகை முற்றத்தில் நடக்கிற விசேஷம். அழைக்கப்பட்டவர் மட்டுமே உள்ளே போகலாம். ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாடாவில் மாளிகைப் பூஜையில் இடம் கிடைக்காத பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து சந்தா பிரித்துத் தாங்களே பூஜை நடத்தினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கல்கத்தாவில் அப்படி ஊர்கூடி எடுத்த முதல் பூஜை 1910-இல், பவானிபூரின் பலராம் போஸ் காட் சாலையில், சனாதன தர்மோத்சாஹினி சபையின் பெயரில் நடந்தது. முற்றத்தில் அடைபட்டிருந்த தேவி தெருவுக்கு வந்தாள். எங்கள் தெருப் பூஜைக்கு அப்பா தந்தது சிறிய தொகை. ஆனால் ரசீதில் அவர் பெயரைத் தமிழ்நாட்டுக்காரர் என்று பிரித்து எழுதவில்லை. அஷ்டமி அன்றைக்குக் கிச்சடி பரிமாறும் வரிசையில் அம்மாவும் வாளி தூக்கினாள். இப்போதும் தெருவில்தான் பூஜை. 2021-இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்துவிட்டது. ஆனால் பெரிய பந்தல்களில் விளம்பரப் பலகைக்கு நடுவே தேவியைத் தேட வேண்டியிருக்கிறது; முக்கியஸ்தர் பாஸ் வைத்திருப்பவருக்குத் தனி வழி. மாளிகை முற்றத்தின் கதவு மூங்கில் தடுப்பாகத் திரும்பி வந்திருக்கிறது.

பவானிபூருக்கு மேற்கே ஆதிகங்கை. கங்கையின் பழைய வழித்தடம். 1770-களில் வில்லியம் டாலி அதைத் தூர்வாரிக் கால்வாயாக்கிச் சுங்கம் வசூலித்தார். காளிகட்டத்துக்கு வருகிறவர்கள் அதில் முழுகிய காலம் உண்டு. நான் பார்த்த நாளிலேயே அது கறுத்துவிட்டது. பவானிபூருக்கும் எஸ்பிளனேடுக்கும் நடுவே நாட்டின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24-இல் ஓடியபோது தெருவே திரண்டு பெருமைப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து அதே மெட்ரோவைத் தெற்கே கரியாவுக்கு நீட்டினார்கள். சுமார் 300 தூண்களை ஆதிகங்கையின் மடியிலேயே இறக்கினார்கள். வீடுகளை இடிக்க வேண்டாம், இழப்பீடு தர வேண்டாம். நதியின் சார்பாக வழக்குப் போட்டவர்கள் சிலரே. மேய்க்காலில் ரேஷன் கடை வந்த அதே வழி.

பொதுவில் விட்டால் ஆளாளுக்குச் சுரண்டி நாசமாக்கிவிடுவார்கள், எனவே தனியாருக்கு வேலி போட்டுக் கொடுப்பதோ அரசுக் கட்டுப்பாடோதான் வழி என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதியதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது உண்மையில்லை என்பதை ஸ்விட்சர்லாந்து மலைக்கிராமத்திலிருந்து ஜப்பான் வரை ஊர்களின் நடைமுறையைத் தேடிப் பார்த்து எலினார் ஆஸ்ட்ரம் நிறுவினார். 2009-இல் நோபல் பரிசு பெற்றார். கூடிப் பேசி விதி வகுத்து, மீறியவரைக் கண்டித்து, தலைமுறைகளாகப் பொதுவைக் காத்த ஊர்கள் ஏராளம். மைதானில் ஆட்டுக்காரரும் நாங்களும் செய்துகொண்டதும், ஆச்சியின் வாய்ப்பாட்டில் இருந்ததும் அந்த விதிகள்தாம்.

சட்டமும் கைவிரித்துவிடவில்லை. ஊர்க்குளத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் வளைத்தவர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் மேய்க்கவும் விறகும் தேனும் எடுக்கவும் ஊருக்குக் கூட்டு உரிமையை எழுத்தில் தருகிறது. காட்டுக்குச் செய்ததை மந்தைக்கும் குளத்துக்கும் செய்ய முடியாதா? 'அரசுப் புறம்போக்கு' என்று மட்டும் எழுதியிருக்கும் இடத்தில், இன்ன ஊர் மக்கள் மேய்ச்சலுக்கும் நீருக்கும் களத்துக்கும் அனுபவிக்கும் நிலம் என்ற ஒரு வரி ஏற வேண்டும். அந்த வரி இல்லாததால்தான் எல்லாம் சத்தமில்லாமல் போகிறது.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள். அவற்றில் ஒன்று உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-இல் நடக்கிறது. வங்காளத்து ஊர்களின் நிலம் ஒரே அறிவிப்பில் கைமாறிய தேதியும் அதுதான். அந்தக் கூட்டத்தில் ஊரின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டை எடுத்து, மேய்க்கால் இவ்வளவு, களம் இவ்வளவு, குளம் இவ்வளவு, இன்று மிஞ்சியிருப்பது இவ்வளவு என்று சர்வே எண்ணோடு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாத் தெருக்காரர்களும், பெண்களும், ஆடு மேய்ப்பவர்களும் கேட்கும்படி வாசிக்கட்டும். குறைந்திருந்தால் யாரிடம் போயிற்று என்று கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில்தான் வேலிகள் எழுகின்றன. ஓர் ஊர் ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து கேட்டாலே போதும், அடுத்த வேலிக்குக் கம்பி வாங்குகிறவர் யோசிப்பார்.